அன்புடன் அறைக்கிறோம்

ஜெயச்சந்திரன் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஷேர் ஆட்டோவில் வந்தது. திருச்சானூரில் ஒரு லாட்ஜுக்கு ரசீதுப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு, சித்தூர் பஸ் பிடிக்கத் திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் காலிப் பை, எதிரில் மொட்டை போட்ட ஒரு குடும்பம். நம் அச்சகத்தார் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. அடப்பாவி, எனக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டாயா என்று கோபம்தான் வந்தது.

சங்க மலரில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவரோடு அதிக காலம் பழகியவள் நான்தானாம். பழகியவள் என்ன பழகியவள், சண்டை போட்டவள். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். உள்ளதையே எழுதுங்கள் மேடம் என்றார்கள். சரி, எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று போடுகிறேன். மனத்துக்குள் இருபது வருடமாக 'அவன்'தான்.

தொண்ணூறுகளின் நடுவில் சித்தூரில் ஒரே அச்சகத்தில் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் நகரிப் பக்கம், அவர் குப்பத்தை ஒட்டிய குடுபல்லி. ஈய எழுத்துகளை மூட்டை கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று முதலாளி முடிவு செய்தபோது, எதை வாங்குவது என்பதில் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. நான் வெளிநாட்டுக் கம்பெனியின் வெள்ளைப் பெட்டியைச் சொன்னேன். அதில் வரும் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவர், சென்னையில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கறுப்புப் பெட்டியே போதும் என்றார். என் பெட்டிக்கு அந்தக் கம்பெனியின் பிரிண்டர்தான் சேரும், அந்தக் கம்பெனியின் வயர்தான் சேரும். அதைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பெட்டி பணக்கார வூட்டு மாப்ள மேடம். தும்மினாக்கூட மெட்ராஸ்லேர்ந்து டாக்டர் வரணும். நம்முது டவுன் பஸ்சு. எங்க நின்னாலும் ஸ்பேனரோட ஒருத்தன் வந்துக்கினு இருப்பான்."

முதலாளி இரண்டு பேரையும் சமாளிக்க முடியாமல் இரண்டையும் வாங்கிப் போட்டார். தலைவலி அதோடு தீரவில்லை, இரட்டையானது. என் பெட்டியில் அடித்தது அவர் பெட்டியில் திறக்காது, அவருடையது என்னிடம் திறக்காது. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் வேண்டுமல்லவா, தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. தெலுங்குப் பக்கம் என் மேஜையில், தமிழ்ப் பக்கம் அவர் மேஜையில். இரண்டையும் தனித்தனியாகத் தாளில் எடுத்து, கத்தரியால் வெட்டி, கோந்து வைத்து ஒட்டுவோம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எங்கள் விரலில் கோந்து காயவில்லை.

ஒட்டிக்கொண்டே அவர் வேதாந்தம் பேசுவார். "தன் கடைலயே எல்லாத்தையும் வாங்குன்னு எவன் சொல்றானோ, அவன் உன்ன கட்டிப்போட்றான்னு அர்த்தம் மேடம்." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது ஜெயச்சந்திரன்.

பிறகு நான் சித்தூரிலேயே தனியாகக் கடை வைத்தேன். அவரும் வேலையை விட்டு எதிர்வரிசையில் கடை போட்டார். கறுப்புப் பெட்டி விற்பார், கூடவே தெலுங்கும் தமிழும் அடிக்கிற ஒரு சாப்ட்வேருக்கு ஏஜென்சி எடுத்திருந்தார். ஒரே மேஜையில் இரண்டு பக்கமும் முடிந்துவிடும், கத்தரி வேண்டாம், கோந்து வேண்டாம் என்று என்னிடம் வந்து சொன்னார். தோழன் சொல்கிறானே என்று வெள்ளைப் பெட்டி ஆசையை விட்டு அவரிடமே எல்லாம் வாங்கினேன். பெட்டியின் முதுகில், பிரிண்டர் வயர் செருகும் இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டைச் செருகினார். அதுதான் பூட்டு. நம் ஊர் வழக்கில் 'பீகம்' என்பார். அது செருகியிருந்தால்தான் அந்த சாப்ட்வேர் கண் திறக்கும். பீகம் இல்லாவிட்டால் அதில் அடித்ததெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், வேறு எந்த சாப்ட்வேருக்கும் புரியாது. கட்டிப்போடுவதைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த மனிதர்தான் அதைத் தன் கையால் செருகினார். எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை, மடச்சி.

ஐந்து வருடம் அதில் அடித்தேன். மாம்பழக்கூழ் கம்பெனிகளின் லேபிள், கோயில் திருவிழா நோட்டீஸ், ஊர் ஊராகக் கல்யாணப் பத்திரிகை. என் பிழைப்பு முழுக்க அந்தக் கட்டைவிரல் துண்டுக்குள் இருந்தது. ஓர் ஆவணி மாதம், முகூர்த்தம் குவிந்து கிடக்கும்போது, அது செத்துப்போனது.

ஓடினேன். வேறு பீகம் கொடுங்கள் என்று கேட்டேன். பழசுக்கு இனி பீகம் வராது, புது வெர்ஷன் வாங்கினால்தான் தருவார்கள் என்றார். என் பழைய வேலையெல்லாம் புதியதில் திறக்குமா என்றேன். திறக்காது என்றார், ஏதோ மழை வராது என்று சொல்கிற மாதிரி. "கம்பெனி ரூல் மேடம். நான் இன்னா பண்றது? அவசரமா கீற வேலைய எல்லாம் என் கடைக்கு அனுப்பிடு, நான் அடிச்சுக் கொடுத்துர்றேன்." என் வாடிக்கையாளர்களை என் கையாலேயே தூக்கித் தரச் சொன்னார். அவர் நினைத்திருந்தால் அன்றைக்கு ஒரு வழி பண்ணியிருக்கலாம். அவர் மேஜை இழுப்பறையில் அதே மாதிரி பீகம் ஒன்று கிடந்ததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

ரோஷத்தில் திரும்பி வந்தேன். சென்னையில் ஒருவர், அந்த எழுத்தை வேறு எழுத்தாக மாற்றித்தரும் டிஸ்க் ஒன்றை விற்றார். அதை வாங்கி வந்து, புத்தூர்க்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை மாற்றினேன். முன்பே நான் படித்துச் சரிபார்த்த பத்திரிகை என்பதால் மறுபடி வரிவரியாகப் படிக்கவில்லை. பெண்ணின் அப்பா வந்து, அச்சடிக்கலாம் என்று புரூஃபில் கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். நம் எல்லையோர ஊர்களில் பாதிப் பேர் அப்படித்தானே. தெலுங்குப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, பிள்ளையார் நன்றாக இருக்கிறார் என்றார்.

அந்த டிஸ்க் 'ழ' எல்லாவற்றையும் 'ற' ஆக்கியிருந்தது. புதன்கிழமை புதன்கிறமையாகிவிட்டது. அது போகட்டும். அடியில், 'அனைவரையும் அன்புடன் அறைக்கிறோம்' என்று இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் அரக்கோணம். அவர்களுக்குத் தமிழ் படிக்க வரும். வந்து இறங்கியதும், எங்களைக் கூப்பிட்டு வைத்து அறையப் போகிறீர்களா என்று மண்டப வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்ததாம், பிறகு யாரோ ஒரு மாமா அதைச் சண்டையாக்கினார். தாலி கட்டும் முகூர்த்தமே தப்பப் பார்த்தது. பெண்ணின் அப்பா மறுநாள் என் கடைக்கு வந்தார், திட்டவில்லை. "ஏம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இதற்கு மேல்தான் ஜெயச்சந்திரன் யார் என்பது தெரிந்தது. அந்தப் பத்திரிகையில் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, தன் கடையின் முன்பக்கக் கண்ணாடியில், தெருவில் போகிறவர்கள் படிக்கிற மாதிரி ஒட்டிவைத்தார். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லாம் படித்தார்கள். என் கடைக்கு 'அறைக்கடை' என்று பெயர் வந்தது. கூழ் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்வரிசைக்குப் போனார்கள். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'இழுப்பறையில் பீகத்தை வைத்துக்கொண்டே உன்னிடம் இல்லை என்றேன், அது தப்பு' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல வை என்று பத்மாவதித் தாயாரிடம் வேண்டிக்கொண்டேன். இதற்கெல்லாமா வேண்டுவார்கள் என்று கேட்காதீர்கள்.

இரண்டு வருடம், தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அவர் சாப்ட்வேரின் ஒவ்வொரு எழுத்தும் எந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, எல்லாப் பெட்டியிலும் திறக்கும் பொது எழுத்தோடு ஜோடி சேர்த்து அட்டவணை போட்டேன். தெலுங்கு முழுதும், தமிழ் முழுதும். முதலில் பிடித்த எழுத்து 'ழ'. ஒரு பிழை இல்லாமல் வந்த பிறகு, சங்கக் கூட்டத்தில் ஆளுக்கொரு சிடியாக இலவசமாகக் கொடுத்தேன். உங்களில் பலர் கையில் வாங்கியிருப்பீர்கள். ஏதோ பெரிய மனசு என்று பாராட்டினீர்கள். பெரிய மனசும் இல்லை, சேவையும் இல்லை. பழி. சித்தூர் முதல் திருப்பதி வரை ஒவ்வொரு கடையிலும் அந்தக் கட்டைவிரல் துண்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள் என்று கேட்டபோது, அன்றைக்கு இரண்டு இட்லி அதிகமாக இறங்கியது எனக்கு.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"பீகத்த ஒடைச்சிட்டன்னு நெனச்சிக்கினு கீற மேடம். என் கடைய ஒடைச்சிட்ட."

"அன்போடதாம்பா அறைஞ்சேன்," என்றேன்.

இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் அது. அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். திரும்பி எதிர்வரிசைக்கு நடந்துவிட்டார். சாயந்திரம் பார்த்தால் கண்ணாடியில் பத்திரிகை இல்லை. அடுத்த வருடம் கடையைக் காலி செய்துகொண்டு திருப்பதிக்கே போய், பெட்டி பழுது பார்க்கிற வேலையில் இறங்கினார். அதற்குப் பிறகு சங்கக் கூட்டங்களில் நான் முன்வரிசை என்றால் அவர் பின்வரிசை. மகன் அமெரிக்கா போனதற்கு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார், எனக்கும் ஒன்று வந்தது, இன்னொருவர் கையால். பதில் மட்டும் வரவில்லை.

இப்போது சாவுக்குப் பிறகான கதை. ஐந்தாம் நாள் அந்த மகன் தினேஷ் என் கடைக்கு வந்தான். அப்பா தன் கருமாதிப் பத்திரிகையைத் தானே அடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்களில், பழைய பெட்டியில், அந்தப் பழைய சாப்ட்வேரிலேயே அடித்திருக்கிறார். இவன் அமெரிக்காவில் சாப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவன், பீகம் எங்கே போனதென்று தெரியாமல் இவனாலேயே திறக்க முடியவில்லை.

"கட்டம் கட்டமா வருது ஆன்ட்டி. தொறக்கலன்னா நிர்மலா மேடம்கிட்ட போ, அவங்க தொறந்துடுவாங்கன்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு."

இரண்டு நிமிட வேலை. நாளைக்கு வா என்று அனுப்பினேன். அவருடைய பிள்ளை என் வாசலில் நின்று கேட்கிற நாள் வந்ததே, அதை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அவன் போன பிறகு திறந்தேன். சுத்தமான தமிழ், சுத்தமான தெலுங்கு. தேதிக்கு இடம் விட்டு, பக்கத்தில் 'கிழமை' என்று அடித்திருந்தார். 'ழ' சரியாக வந்திருந்தது, என் அட்டவணையில் பிழை கிடையாது. கடைசி வரிக்கு வந்தேன். 'அனைவரையும் அன்புடன் அறைக்கிறோம்.'

கருமாதிப் பத்திரிகையில் எந்த ஊரில் 'அன்புடன்' என்று போடுவார்கள்? நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தப்பு என்று ஒரு வார்த்தை கேட்டேன், அதை எழுதியிருக்கிறாரா என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. செத்த பிறகும் கை நீட்டி ஓர் அறை, அவ்வளவுதான். அப்படியே அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு புத்தூர்க்காரர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. 'ற'வை எடுத்துவிட்டு 'ழ' போட்டு அச்சடித்தேன். அழைத்தானோ, அறைந்தானோ, கருமாதிக்குப் போனேன். உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அழுதேனா என்று கேட்டால், ஆமாம், கை கழுவும் இடத்தில்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். திருத்தாமல் ஒரே ஒரு பிரதி எடுத்தேன். அதை என் கடையின் முன்பக்கக் கண்ணாடியில், தெருவில் போகிறவர்கள் படிக்கிற மாதிரி ஒட்டியிருக்கிறேன். அமெரிக்கா கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வந்த தினேஷ் அதன் முன்னால் நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி, இதுல ஒரு எழுத்து தப்பா இருக்கே."

"உங்கப்பா எழுத்துத் தப்பு வுட்ற ஆள் இல்லப்பா," என்றேன்.