எலி வச்ச பஞ்சும் நான் பிடிச்ச முப்பது ரூவாயும்

எல்லார் கையிலயும் செல்போன் வராத காலம். கோவில்பட்டியில இருந்து எட்டயபுரம் போற ரோட்டுல நடந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுதா.

என் மவன் பழைய அம்பாசடர் ஒண்ணு வாங்கி வாடகைக்கு ஓட்டிட்டு இருந்தான். எங்க சோறே அதுலதான். அந்த வருசம் பருத்தி எடுத்த கையோட வண்டி கருகருன்னு பொகைய விட ஆரம்பிச்சுது. மேட்டைக் கண்டா மூச்சு வாங்கும், என்னைய மாதிரியே. எனக்கு அப்பவே முட்டு வலி. அது பெரிய கதை, விடுங்க.

கோவில்பட்டியில பெரிய பட்டறை ஒண்ணுல காட்டினோம். மசி படாத சட்டை போட்ட ஆளு, மூடியத் தெறந்துகூடப் பாக்காம, "இஞ்சினை எறக்கணும், எட்டாயிரம் ஆகும்"னுட்டாரு. நான் ஒத்தை ரூவா கொறைச்சுக் கேக்கல. சனிக்கெழம சந்தையில எட்டு ஆட்டை வித்துருவோம்னு மவன்கிட்டச் சொல்லிட்டேன். எட்டும் சினை ஆடு. எத்தனை வருசம் வெயில்ல அதுக பொறத்தால நடந்திருப்பேன்! அலுத்துப் போயி வண்டியில சாஞ்சு கெடந்தேன்.

திரும்பி வாற வழியில வண்டி கொதிச்சுட்டுது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, ஒத்தை ஆளு மெக்கானிக். தண்ணி கேக்கத்தான் நிறுத்தினோம். அவரு சத்தத்தைக் கேட்டுட்டு, காத்து உள்ள போற வட்ட டப்பாவக் கழட்டினாரு. உள்ள பூராவும் பஞ்சு! நடுவுல கடலைத் தொலி வேற.

"ஆச்சி, பருத்திய எங்கன குமிச்சீய?"

"மழை வந்துட்டு, வண்டி நிக்கிற கொட்டகையிலதான்."

"அதான் எலி குடித்தனம் வந்துட்டு. வாடகை வாங்குனீயளா?"

பஞ்ச வழிச்சு எடுத்து, டப்பாவத் தொடச்சு மாட்டினாரு. வண்டி பச்சப்புள்ள மாதிரி மூச்சு விட்டுது. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம்! ஆடு எட்டும் தப்பிச்சுட்டுதே! எவ்வளவுன்னு கேட்டேன். அம்பதுன்னாரு.

"பஞ்சு எங்க பஞ்சு, எலி எங்க எலி. அஞ்சு நிமிச வேலைக்கு அம்பதா?"ன்னு இருவதைக் கையில திணிச்சுட்டேன். அவரு கைய வேட்டித் துணியில தொடச்சுட்டு உள்ள போயிட்டாரு.

கொஞ்ச தூரம் வந்த பொறவு மவன் சொன்னான், "எட்டாயிரம் கேட்டவருகிட்ட நீ வாயத் தெறக்கலியேம்மா. இவரும் இஞ்சின் போச்சுன்னு சொல்லியிருந்தா, கும்பிட்டுக் குடுத்திருப்ப."

சாயங்காலம் பட்டியில ஆட்டை அடைச்சேன். ஒண்ணுகூடக் குறையல. சந்தோசமா இருக்க வேண்டிய மனசு, ஒரு மாதிரி ஓஞ்சு போயிக் கெடந்துது.

மறுநா பஸ்ஸேறி, முட்டு வலியோட எறங்கி அந்தத் தகரக் கொட்டகைக்கு நடந்து போயி முப்பது ரூவாயும் ஒரு பை கடலையும் நீட்டினேன். ரூவாய வாங்கிப் பையில போட்டாரு. கடலையத் திருப்பித் தந்துட்டாரு.

"இது ஒங்க எலிக்கு இருக்கட்டும், ஆச்சி. நமக்கு வேலை கொண்டாந்து தாறது அதுதான்."

சிரிச்சுக்கிட்டேதான் திரும்பினேன். ஆனாலும் இன்னைக்கும் எங்கயாச்சும் பேரம் பேச வாயெடுத்தா, பாக்காமச் சொன்னவருக்கு எட்டு ஆட்டைக் குடுக்கத் துணிஞ்சவ, உள்ளதைச் சொன்னவருகிட்ட முப்பது ரூவாயப் பிடிச்சேனேன்னு நெனப்பு வந்து நாக்கைக் கட்டிருது.