வாக்கி டாக்கியில் ஒரு தயக்கம்

தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனியின் கன்வேயர் பெல்ட்டை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். வேலை முடிந்து ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். கண்ட்ரோல் ரூமில் இருந்த ஒடிசாக்கார இன்ஜினியர், பெல்ட்டை ஓட்டுவதற்கு முன், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பெல்ட் பக்கத்தில் நின்ற என்னிடம் வாக்கி டாக்கியில் இங்கிலீஷில் கேட்டார்.

வந்துவிட்டார்கள்தான். ஆனால் 'கேம் அவுட்' என்பதா, 'ஹேவ் கம் அவுட்' என்பதா? போன வாரம் நான் தப்பாகப் பேசியபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. பட்டனை அழுத்தாமல் வாக்கியத்தை மனதுக்குள் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஹலோ? ஸ்டார்ட்?" என்று கத்தினார்.

அப்போது பெல்ட்டின் அடியிலிருந்து, மற்றவர்களோடு டீ குடிக்கப் போய்விட்டார் என்று நான் நினைத்திருந்த ஏழுமலை அண்ணன் ஊர்ந்து வெளியே வந்தார்.

"இன்னாடா பாத்துகினு நிக்கிற? ஸ்பேனர உள்ளயே வுட்டுட்டேன், எடுக்கப் போனேன்."

அந்த இன்ஜினியர் தமிழில் கேட்டிருந்தால், "வந்துட்டாங்க சார்" என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.