ஆறாவது மூட்டையின் இனிப்பு

அந்த மருந்துக் கம்பெனியில் அவளுக்கு 'நாக்கு' என்று பெயர். வாய் நீளம் என்பதால் அல்ல. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வந்து இறங்கும் வேர், பட்டை, இலை, விதை எதுவானாலும் ஒடித்து, முகர்ந்து, நுனிநாக்கில் வைத்து, இன்னது என்று சொல்லிவிடுவாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டை அரைவைக்குப் போகும். பத்தொன்பது வருடமாக அந்தக் கையெழுத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை.

பிரித்து வைப்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டுச் சமையலறையிலும் விதைக்கு ஒரு தட்டு, பட்டைக்கு ஒரு தட்டு, வேருக்கும் கிழங்குக்கும் ஒரு தட்டு.

"உப்பு எங்கே இருக்கு?" என்பார் கணவர்.

"அது செடியிலேர்ந்து வரல. கீழ்த்தட்டுல பாருங்க."

"என்னை எந்தத் தட்டுல வச்சிருக்கே?"

"இன்னும் முடிவாகல."

அன்று காலை, குழந்தைகளுக்கான இருமல் மருந்துக்கு ஆறு மூட்டை அதிமதுரம் வந்தது. லாரி தாமதம். மானேஜர் நான்கு முறை எட்டிப் பார்த்துவிட்டார். ஒரு மூட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாய் கொப்பளித்துக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அவளே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. அன்று காத்திருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆறையும் சுவைத்தாள். ஆறும் இனித்தன. கையெழுத்துப் போட்டாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். தண்ணீரும் இனித்தது.

டம்ளரை வைத்துவிட்டாள். அதிமதுரத்தின் இனிப்பு லேசில் நாக்கை விடாது. அப்படியானால் முதல் மூட்டையைத் தவிர மற்ற ஐந்துக்கும் அவள் நாக்கு சாட்சி இல்லை. ஆறாவது மூட்டையின் வேர் ஒல்லியாக இருந்தது இப்போதுதான் உறைத்தது. விஷமுள்ள குன்றிமணிக் கொடியின் வேரும் அப்படித்தான் இருக்கும். அதை அதிமதுரத்தோடு கலந்து விற்பவர்கள் உண்டு. காய்ந்து சுருங்கியிருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்தினாள். மனம் மசியவில்லை. டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தாள். இரண்டு மணிக்கு அரைவை. தூளானபின் எது எதுவென்று அவள் கண்ணுக்கும் சிக்காது. வாயைத் திறந்தால் இத்தனை வருடப் பேர் போகும். திறக்காவிட்டால் அந்த வேர் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையின் தொண்டையில் இறங்கும்.

அரைவை அறைக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க."

"ஏம்மா, கையெழுத்து நீ போட்டதுதானே?" என்றார் மெஷின்காரர்.

"நான்தான் போட்டேன். நான்தான் சொல்றேன்."

"நாக்கு சத்தமா பேசுதுப்பா, மழை வரும்," என்று சொல்லிக்கொண்டே ஸ்விட்சை அணைத்தார்.

இரண்டு மூட்டை உள்ளே போயிருந்தது. ஆறாவது சுவரோரம் நின்றது. இம்முறை அவள் சுவைக்கவில்லை. பத்துத் துண்டுகளை எடுத்துக் கத்தியால் பிளந்தாள். ஏழின் உள்ளே அதிமதுரத்துக்கே உரிய நல்ல மஞ்சள். மூன்று வெளுத்திருந்தன. அரைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கச் சொன்னாள்.

மானேஜர் வந்து அந்த மூன்றையும் புரட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஈரம் அதிகம்னு எழுதிடும்மா. உனக்கும் கெட்ட பேரு வேணாம், எனக்கும் வேணாம்."

பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில், 'இடைவெளி விடாமல் சுவைத்தேன். தவறு என்னுடையது' என்று எழுதினாள்.

"எழுதியாச்சுல்ல? போய் சாப்பிடு," என்றார் மானேஜர் சலிப்பாக.

அவள் போகவில்லை. பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். போன மாதமும் ஒரு நாள் லாரி தாமதம். நான்கு மூட்டை அதிமதுரம், ஒரே அரை மணி நேரத்தில், அவள் கையெழுத்தோடு.

"சார், போன மாச மருந்து வெளிய போயிடுச்சா?"

"பாதி போயிருக்கும். மீதி குடோன்ல இருக்கு. ஏன்?"

"அந்த மூட்டைகள்லேர்ந்து மாதிரி எடுத்து வச்ச அலமாரி சாவி குடுங்க."

மானேஜர் சட்டைப் பையை மேலாகத் தொட்டுப் பார்த்தாரே தவிர, சாவியை எடுக்கவில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.