ஐஸ்லாந்து போக ஒரு சத்தியம்

ஐஸ்லாந்து என்று ஒரு தீவு உலகத்தில் இருப்பது எனக்கு மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டு மேஜையின் மேல்தான் தெரியவந்தது. என் முதலாளி அதன் வரைபடத்தை மேஜை முழுக்க விரித்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களில் ஊறுகாய் ஜாடியையும் டம்ளர்களையும் வைத்திருந்தார். "உள்ள வா, உள்ள வா" என்று கூப்பிட்டார். அந்த வீட்டுக்கு நான் பல வருஷமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாவியை வாசலில் வாங்கி வாசலில் கொடுப்பதுதான் வழக்கம். சாப்பாட்டு மேஜை வரைக்கும் கூப்பிட்டால் என்னிடம் ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று அர்த்தம். அது புரிந்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று அவருக்கு வரட்டும் என்றுதான் முந்தின வருஷத்திலிருந்து காத்துக்கிடந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் கார் வழக்கத்துக்கு மேல் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடத்து டிரைவர்கள் எல்லோரும் கீழே வண்டி கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து முதலாளி இறங்கி வந்தார். என் துணிப்பையைத் தரையில் கொட்டச் சொன்னார். மாற்றுச் சட்டையும் டிபன் பாக்ஸும் விழுந்தன. டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னார். அப்புறம் "கையை நீட்டு" என்று சொல்லி, குனிந்து என் விரல்களை மோந்து பார்த்தார்.

"நாத்தத்தைப் பாரு. எங்கடா கொண்டுபோய் வித்தே?"

டிரைவர் கையில் பெட்ரோல் வாடை அடிக்காமல் சந்தன வாடையா அடிக்கும்? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுவே பாதிக் காரணம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நின்றதையே ஒப்புக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சயான் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். டாங்கிலிருந்து வருகிற குழாயில் விரிசல். பெட்ரோல் வழியெல்லாம் சொட்டிக்கொண்டு போயிருக்கிறது. முதலாளியே குனிந்து பார்த்தார். "சரி, மாத்திடு" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

விரிசல் கண்ட செய்தி ஒர்க்ஷாப்போடு நின்றுவிட்டது. நான் திருடன் என்ற செய்தி கட்டடத்து வாட்ச்மேன் வாயிலிருந்து கிளம்பி, தாராவியில் என் வீட்டுச் சந்து வரைக்கும் வந்தது. அதே கட்டடத்தில் மூன்றாம் மாடிக்காரர் என் தம்பியை டிரைவராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "அவன் தம்பியா? வேண்டாம்பா" என்றுவிட்டார். தம்பி அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மூட்டை தூக்கப் போனான். நான் பக்கத்தில் வந்தால் மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திருகிப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் தூத்துக்குடிக்காரர் ஒருவர், "வேய் அண்ணாச்சி, நம்ம ஸ்டவ்வுக்கும் ரெண்டு லிட்டர் பாத்து ஊத்தும்" என்பார். நானும் கூடச் சிரிப்பேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். போனால் அந்தப் பேரையும் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். எந்த இடத்தில் என் கையை மோந்தாரோ அந்த இடத்தில், அந்த ஆட்கள் முன்னாலேயே, அவர் வாயாலேயே அதை எடுக்க வைக்கவேண்டும். அதற்காகவே அங்கே இருந்தேன்.

முதலாளியின் ஒரே மகன் ஸ்காட்லாந்தில் வேலையில் இருந்தார். இந்தப் பயணத்தைக் கிளப்பிவிட்டவர் அவர்தான். அப்பாவும் அம்மாவும் விமானத்தில் வந்துவிட்டால், மூன்று பேருமாக அந்தத் தீவைக் காரில் சுற்றிப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். கடலுக்குள்ளிருந்து எரிமலை கிளம்பிப் புகை கக்குகிற படம் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த சமயம். முதலாளி ஒரு படத்தை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாட்டுங்காவில் காபி குடிக்கிற அத்தனை பேரிடமும் "ஆகஸ்ட்ல அங்கதான் இருப்பேன்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அப்புறம்தான் தெரிந்தது, அங்கே வண்டியை மட்டும்தான் வாடகைக்குக் கொடுப்பார்களாம். டிரைவர் கூட வரமாட்டானாம். முதலாளி இது தெரியாமல், டிரைவர் படுக்க வராந்தா உள்ள விடுதியாகப் பார்க்கச் சொல்லி மகனுக்கு எழுதியிருக்கிறார். முதலாளியின் மனைவியை நான் அம்மா என்று கூப்பிடுவேன். அந்த அம்மா டிரைவருக்கும் சேர்த்துப் புளிக்காய்ச்சல் கிண்டுவதற்குப் புளி வாங்கிவிட்டார்.

"சாவியைக் கையில குடுத்துட்டு, போயிண்டே இருன்னுடுவானாம். அக்கிரமமா இல்லை?" என்றார் முதலாளி.

"அப்ப சின்னவர் ஓட்டுவாங்களா சார்?"

"அவனுக்கு சைக்கிளே தகராறு. நான்தான் ஓட்டணும். நீதான் சொல்லித் தரணும்."

லைசென்ஸ் அவரிடம் இருந்தது. ஆபீஸ் ஆள் ஒருவர் போய் வாங்கிவந்த லைசென்ஸ். அவர் அதுவரை ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

வரைபடத்தில் தீவின் ஓரமாகவே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. தெற்கே வந்ததும் அறுந்துபோயிருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க பனிமலை உருகி ஆறு ஆறா வரது. பாலம் கிடையாது. வடக்கால போயிட்டு வடக்காலயே திரும்பணும்."

"அப்போ சுத்திண்டு வரப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கேளே?" என்றார் அம்மா.

"முக்கால் சுத்து."

அம்மாவுக்கு வேறு திட்டங்கள் இருந்தன. அந்த ஊரில் தரைக்குள்ளிருந்தே வெந்நீர் கொதித்து வருமாம். அரிசியைத் துணியில் முடிந்து இறக்கினால் ஸ்டவ்வே வேண்டாமே என்றார். அந்தத் தண்ணீர் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்று மகன் எழுதியிருந்ததை முதலாளி படித்துக் காட்டினார். "முட்டை நாத்தமா! சிவசிவா. ஸ்டவ்வையே எடுத்துக்கறேன்" என்று அந்தப் பேச்சை விட்டார். ஒன்றை மட்டும் விடவில்லை. "பக்கத்துல உட்காரப்போறது நான். இவருக்கு ஓட்ட வந்துடுத்துன்னு நீ கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணினாத்தான் நான் ஏறுவேன்" என்றார் என்னிடம். அந்த வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் வேலைக்காரி கற்பூரத்தின் மேல் கையை வைத்தாக வேண்டும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கோ அந்த நிமிஷமே எல்லாம் தெளிவாகிவிட்டது. அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போதே நான் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் அதைச் சொல்லிப் பார்த்தேன். வண்டி துடைக்கும்போதும், தாராவி குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். கூச்சக்காரன் ஒரு வாக்கியம் பேசவேண்டுமென்றால் அத்தனை நாள் பிடிக்கும்.

விடியற்காலையில் செம்பூர்ப் பக்கம் வெறிச்சென்ற சாலைகளில் சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தீவில் பாதைகள் கல்லும் சரளையும் என்பதால் வடாலா உப்பளத்துக்குப் போகிற கரடுமுரடான வழியிலும் ஓட்டவிட்டேன். அவர் பின்னாலிருந்து என்னைக் கழுதை, எருமை என்று கூப்பிட்டு ஓட்டவைத்த வருஷங்கள் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. நான் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. "மறுபடியும், சார்" என்பேன். அவ்வளவுதான். கிளட்சை விட்டு வண்டி துள்ளி நின்றால், "மறுபடியும், சார்." சட்டை நனைந்து கண்ணாடி ஆவி பிடித்து, "போதுமேடா" என்று கெஞ்சினால், "இன்னும் ஒரே ஒரு தடவை, சார்." ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்தேன். தப்பாகக் கற்றுக்கொடுத்தால் அந்த அம்மாவும் கூட உட்காருவார். என் பகை அவரோடு இல்லை.

ஜூன் மழையில் கிங்ஸ் சர்க்கிள் குளமாகிவிட்டது. நான் நேராக அங்கே ஓட்டச் சொன்னேன். பாலமில்லாத ஆற்றில் வண்டியை விடுவதற்கு முன்னால் ஆள் இறங்கி நடந்து ஆழம் பார்க்கவேண்டும் என்று மகன் எழுதியிருந்ததை அவர்தான் எனக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

"இறங்கிப் பாருங்க சார்."

"இந்தச் சாக்கடையிலயா?"

"ஆத்துல பனித்தண்ணியா இருக்கும். இது வெதுவெதுன்னுதான் இருக்கு. இறங்குங்க."

காபிக் கடை வாசலில் ஒதுங்கி நின்ற அவருடைய சிநேகிதர்கள் பார்க்க, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வாழைப்பட்டையும் ஒற்றைச் செருப்பும் மிதந்த தண்ணீரில் அவர் அந்தக் கோடிக்கு நடந்தார். "என்ன ஓய், ஐஸ்லாந்து வந்தாச்சா?" என்று ஒருவர் கத்தினார். அக்கரையிலிருந்து அவர் கையைக் காட்டினார். எனக்குச் சரியாகத் தெரியாத மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு, "இந்தப் பக்கமும் பாத்துக்கிடுங்க சார்" என்றேன். திரும்பவும் நடந்தார். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின வாரத்து ஞாயிற்றுக்கிழமை. டிரைவர்கள் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். வடக்கத்தி வாட்ச்மேன் கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா தட்டில் கற்பூரத்தோடு இறங்கி வந்தார், பின்னாலேயே முதலாளி. மூன்றாம் மாடிக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். கற்பூரம் ஏற்றியாயிற்று.

"கையை வச்சுச் சொல்லு. இவர் ஓட்டுவாரா?"

கையைக் கற்பூரத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். வாக்கியம் தயாராக இருந்தது.

"அம்மா, நான் பெட்ரோல் திருடன்லா? திருடன் பண்ணுத சத்தியத்தை நம்பி அவ்வளவு தூரம் போகலாமா?"

தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். முதலாளி, "அந்தப் பழைய கதை இப்ப எதுக்குடா?" என்றார்.

"குழாயில விரிசல் இருந்துச்சும்மா. சார் குனிஞ்சு பாத்தாங்க. சாரையே கேளுங்க."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "விரிசலா? எங்கிட்ட மூச்சு விடலையே நீங்க? சொல்லுங்கோ இப்போ. இவன் எடுத்தானா, இல்லையா?"

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, பால்கனியைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மூன்றாம் மாடிக்காரர் தலையை ஆட்டினார். கீழே ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

"தமிழ்ல சொல்லுங்க சார்" என்றேன்.

"சீக்கிரம், கற்பூரம் தீர்ந்துடும்" என்றார் அம்மா.

"இவன் பெட்ரோல் எடுக்கலை. குழாய்தான் ஒழுகித்து. நான் சொன்னது தப்பு."

"வாட்ச்மேனுக்கும் சொல்லிடுங்க சார். அவன்தான் தெருவெல்லாம் சொன்னவன்."

அவருடைய இந்தி ஆபீஸில்கூட ஓடாத இந்தி. "ஏ ஆத்மி சோரி நஹி கியா. கல்தி மேரா" என்று முனகினார். வாட்ச்மேன் எழுந்து சலாம் போட்டு, "கியா சாப்?" என்று காதைக் காட்டினான். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்லவேண்டியதாயிற்று. தூத்துக்குடிக்காரர், "இன்னொரு மட்டம் சொல்லச் சொல்லும்வே, எனக்குச் சரியா விழல" என்று துணிக்குள் சிரித்தார்.

அம்மா இன்னொரு கற்பூரத்தை ஏற்றினார். நான் உள்ளங்கையால் அதை அணைத்து, "நான் சொன்னபடி செஞ்சா ஓட்டுவார்" என்று சத்தியம் பண்ணினேன். கை சுட்டது தெரியவே இல்லை. அம்மா எனக்கு நேராகக் கை கூப்பிவிட்டு மேலே போனார். மூன்றாம் மாடிக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டார். என் தம்பியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவன் அன்றைக்கும் அம்பர்நாத்தில் மூட்டை தூக்கிக்கொண்டுதான் இருந்தான்.

முதலாளி மட்டும் நின்றார். முகம் சிவந்திருந்தது. என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"திருப்தியா?"

"இல்லை, சார்" என்றேன். "நாளைக்கு வெள்ளன வாங்க. ரிவர்ஸ் உங்களுக்கு இன்னும் சரியா வரல."