மாமா செய்யாத ஆசனம்

கடலூரில் நாங்கள் போன யோகா வகுப்பில், எல்லோரும் சவாசனத்தில் மல்லாந்து கண்மூடிக் கிடக்கும்போது மாமா மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார். அதுவரை மற்ற எல்லோரையும்விட வேகமாக, பனியனைப் பிழியலாம் என்கிற அளவுக்கு வியர்த்து, சூரிய நமஸ்காரம் செய்தவர் அவர்தான். "இதுதான் சார் முக்கியம், கொஞ்ச நேரம் படுங்க" என்பார் மாஸ்டர். "படுத்தா ஆவாது சார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

மாமா என் அக்காவின் கணவர். அவர்களுடைய ஒரே மகன் ஏழு வயதில் கடலோடு போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். முந்தைய இரவு முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்த மாமா, சவுக்கு மர நிழலில் கண்ணயர்ந்தார். அக்கா சுண்டல் வாங்கத் திரும்பிய நேரம். அவள் அலறியதில் மாமா எழுந்து ஓடியபோது அலையில் பையனைக் காணவில்லை. "அப்பன்காரன் தூங்கிட்டானாம்" என்று எங்கள் முதுநகர் முழுக்கப் பேசினார்கள். மாமா மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்கா வேறு யோகத்துக்குப் போனாள். சிதம்பரத்தில் ஓர் அம்மா நடத்திய தியான வகுப்பு. அசையாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். வாராவாரம் பஸ் ஏறிக்கொண்டிருந்தவள் பிறகு அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாள். "கண்ண மூடுனா புள்ள வர்றான்டா. அதுக்குத்தான் போறேன்" என்றாள். மாமாவிடம் இதைச் சொன்னேன். "எனக்குந்தான் வர்றான்" என்றார். உடம்பை வருத்துவதா, மூச்சைக் கவனிப்பதா, எது உயர்ந்த வழி என்று வகுப்பில் அடிக்கடி பேச்சு நடக்கும். அதில் கலந்துகொள்ள எனக்கு மனம் வந்ததே இல்லை.

போன மாதம் மாமாவுக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். செய்தி சொன்னதும் சிதம்பரத்திலிருந்து அக்கா வந்தாள். மாமா சரியாகத் தூங்காமல், சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் நெற்றியில் கையை வைத்து, "கண்ண மூடுங்க. நான் பாத்துக்குறேன்" என்றாள்.

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்புடித்தானே சொன்ன" என்றார். குரலில் கோபம் இல்லை.

ஊர் பேசியதையெல்லாம் இத்தனை வருடம் அவர் தனியாக வாங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. அவள் சிதம்பரத்துக்குத் திரும்பவே இல்லை. கண்மூடி உட்காருவதையும் விட்டுவிட்டாள். நான் எந்த நேரத்தில் போனாலும் இரண்டு பேரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.