அனந்தலக்ஷ்மியின் பின்சீட்டு

என் பெயர் பஞ்சாபகேசன். வயது அறுபத்தாறு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பொன்முடி மலைக்குப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையில் குத்திக்கொள்ள எனக்குக் கொடுத்த அட்டையில் ‘ரைடர்’ என்று இருந்தது. என் மனைவி அனந்தலக்ஷ்மிக்குக் கொடுத்ததில் ‘பில்லியன்’, அதாவது பின்சீட்டு ஆள். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் சங்கம் நடத்திய கூட்டுச் சவாரி அது. விண்ணப்பத்தில் ஓட்டுபவர் யார் என்று அவள் தன் கையாலேயே தெளிவாக எழுதியிருந்தாள். அதைப் படித்தவர்களுக்குக் கண் தெரிந்தது, மனசு ஒப்பவில்லை.

அவள் சண்டை போடவில்லை. என் அட்டையைக் கழற்றித் தன் குர்த்தாவில் குத்திக்கொண்டாள். தன்னுடையதை என் சட்டையில் குத்திவிட்டாள். அதைப் பார்த்த சங்கச் செயலாளர் ஷிபு ஓடி வந்தார்.

“மேடமா ஓட்டுறது? மலையாணு, கேட்டோ!”

“மலை அங்கேயேதான் இருக்கு. நானும் முப்பது வருஷமா ஓட்டறேன்” என்றாள்.

பொய்யில்லை. அனந்தலக்ஷ்மி பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தாள். நெடுமங்காடு, விதுரா பக்கமெல்லாம் சாலை வேலை. பஸ் போகாத இடத்தில்தானே சாலை போடுவார்கள்! மேஸ்திரியின் ஜீப்புக்குக் காத்து நின்று சலித்துப்போய், ஒரு நாள் பழைய எண்பத்து நாலாம் வருஷத்துப் புல்லட்டை வாங்கிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். கரமனையில் எங்கள் தெருவே வாயடைத்துப் போயிற்று. எதிர்வீட்டுக் கோமதியம்மாள் மட்டும் வாயைத் திறந்தாள்.

“ஏண்டி, பொம்மனாட்டி ஓட்டற வண்டியா இது?”

“நான் போட்ட ரோடு மாமி. நான் ஓட்டாம வேற யார் ஓட்டறது?”

அவள் அப்படி. நான் எப்படி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் அலுவலகம் தம்பானூரில். தினமும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாள். ஆனால் அலுவலக வாசல் வரை நான் அவளை விட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு முந்தைய திருப்பத்தில் இறங்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்தவன்போல் நடந்து போவேன். பஸ் ஓடாத ஹர்த்தால் நாளில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்கள். கரமனையிலிருந்து நடந்தே வந்தேன் என்று சொன்னேன். பதினெட்டு வருஷம் இப்படி. அந்தத் திருப்பம் வந்ததும் அவளே வேகத்தைக் குறைத்து, “இறங்கிக்கறேளா?” என்பாள். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இத்தனை வெட்கமாக இருந்திருக்காது.

சவாரி மலையடிவாரத்துக் கல்லாறு வரை ஒழுங்காகப் போயிற்று. அங்கே சாயா குடிக்க எல்லோரும் நிறுத்தினோம். நாங்கள் ஆற்றுப் பக்கம் போன சமயம், ஷிபு எங்களைக் கேட்காமலே எங்கள் வண்டியை எடுத்து ஒதுக்கி வைக்கப் போனார். எங்கள் வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஷிபு ஓட்டுவது யெஸ்டி; அதற்கு நேர்மாறு. இறக்கத்தில் வண்டி நகர்ந்ததும் மனுஷர் கிளட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை மிதி மிதி என்று மிதித்தார். வண்டி சாவகாசமாகப் போய்ச் சாயாக்கடைப் பெஞ்சில் முட்டி நின்றது.

“இதுக்கு பிரேக்கே இல்லல்லோ!” என்று கத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

“இருக்கு” என்றாள், ஆற்றுப் பக்கமிருந்து திரும்பி வந்த அனந்தலக்ஷ்மி. “இடது கால்ல.”

புல்லட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஷிபுவின் முகம் சிவந்தது. அந்தக் கோபம் என் தலையில் விடிந்தது.

“மேடம், பின்னால ஆளை வெச்சுக்கிட்டு இருபத்திரண்டு வளைவு ரிஸ்க்காணு. சார் பின்னால வர்ற சங்கத்து வேன்ல வரட்டே.”

சுற்றும் பார்த்தேன். இன்னும் மூன்று வண்டிகளில் பின்சீட்டில் பெண்கள் இருந்தார்கள்.

“அவாளும் வேன்ல வராளா?” என்று கேட்டேன்.

“அது வேற கார்யம் சாரே. ஆண்கள் ஓட்டுற வண்டியல்லே அது?”

அனந்தலக்ஷ்மி என்னைத்தான் பார்த்தாள். வேனில் நல்ல மெத்தை, ஏசி. என் முழங்கால் காலையிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. பேசாமல் ஏறிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஏறினால் உச்சியில் அவள் மட்டும் தனியாகப் போய் நிற்பாள். நான் பின்னாலேயே வேனில் வந்து, ஒன்றும் தெரியாதவன்போல் இறங்குவேன். பதினெட்டு வருஷம் செய்த அதே வேலை. நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. ஷிபுமேல் பாதி, என்மேல் பாதி.

நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைத் தட்டிக் காட்டினேன்.

“ஷிபு, நீங்க குடுத்த அட்டைதான் இது. படிச்சுப் பாருங்கோ. பில்லியன்னு போட்டிருக்கு. இவளோட பில்லியன் நான். வேன்ல ஏற மாட்டேன். தடுக்கறதானா, அந்த மூணு பேரையும் முதல்ல இறக்குங்கோ. அப்பறமா எங்கிட்ட வாங்கோ.”

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. ஷிபு அந்த மூன்று வண்டிகளையும் பார்த்தார். அந்தப் பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தன் யெஸ்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அனந்தலக்ஷ்மி கிக் பெடலை மெல்ல அமுக்கி, முன்விளக்குமேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரில் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, ஒரே உதை உதைத்தாள். புல்லட் முழங்கியது. ஏறினேன்.

வளைவுக்கு வளைவு நான் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் முதுகு அசையவில்லை. எங்களை முந்திக்கொண்டு போன இரண்டு வண்டிகள் பதினாலாம் வளைவில் சூடேறி ஓரமாக நின்றன. நாங்கள் மெதுவாகத்தான் போனோம், எங்கும் நிற்கவில்லை. தேயிலைச் சரிவுகள் கீழே போய், மூடுபனி முகத்தில் அடித்தது.

கடைசி வளைவுக்கு வந்தோம். மேலே கொடி தெரிந்தது. காமெராக்களோடு ஒரு கூட்டம், கைதட்டக் காத்து நின்றது. திடீரென்று அவள் வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு காலை ஊன்றினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன்.

அவள் பாதி திரும்பினாள். கேலி இல்லை, கோபம் இல்லை. தம்பானூர்த் திருப்பத்தில் தினமும் கேட்ட அதே குரல்.

“இறங்கிக்கறேளா?”

இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“மாட்டேன். வண்டியை எடு அனந்தம். வாசல்ல கொண்டுபோய் நிறுத்து.”