பிள்ளைகள் விழித்துக்கொண்ட கொட்டகை

ரெம்பாவ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவித்து, தொழிலாளர் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட வருஷம்தான் பஞ்சாலை என்பவள் ஆயா வேலைக்கு வந்தாள். அதுவரை பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். முழங்கால் வீங்கி மேடு ஏற முடியாமல் போனதும், கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி அவளைப் பிள்ளைக் கொட்டகைக்கு மாற்றினார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்றார். அவர் அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை.

காலையில் ஊரடங்கு முடிந்து வேலிக் கதவு திறந்ததும், தாய்மார்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார்கள். கைப்பிள்ளைகளுக்குத் தூளி, நடக்கிற பிள்ளைகளுக்குத் தரை. முன்பிருந்த ஆயா ஒரே ஒரு வித்தையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கள்ளில் நனைத்த துணி முனையை வாயில் வைத்தால் பிள்ளை தூங்கிவிடும். பஞ்சாலையும் அதையே செய்தாள். கொட்டகையில் சத்தமே எழாது. நல்ல ஆயா என்று சீக்கிரமே பெயர் எடுத்தாள்.

அப்போதுதான் தோட்டத்து ஆயாக்களுக்கு மாதாமாதம் ரெம்பாவில் வகுப்பு நடக்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. தோட்டத்துக்கு ஒருத்தியை அனுப்ப வேண்டும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் இருந்ததே ஒருத்திதான்.

"புள்ள பாக்கறதுக்குப் படிப்பா லா?" என்று மரம் வெட்டும் செல்லம் சிரித்தாள். பஞ்சாலைக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் பஸ்ஸில் போய் வரலாம்.

வகுப்பு எடுத்தவர் வள்ளிநாயகி மிஸி. ரஹாங்கிலிருந்து வந்த தாதி. வந்ததும் முதல் கேள்வியாக, "இங்க யாரு புள்ளைங்களுக்குக் கள்ளு குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

ஆயாக்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பஞ்சாலை மட்டும் கையைத் தூக்கினாள். எவ்வளவு கொடுக்கலாம் என்று அளவு சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"எவ்வளவு குடுப்பீங்க அக்கா?"

"அழுவறதப் பாத்துக் குடுப்பேன் மிஸி."

"எழும்பாமக் கெடந்த புள்ள உண்டா?"

"எல்லாம் எழும்பிரும். முருகையா மவ மட்டும் ஒரு நாளு சாயந்தரம் வரைக்கும் எழும்பல. கால்ல கிள்ளி எழுப்புனேன்."

மிஸி திட்டவில்லை. "இன்னொரு நாளு கிள்ளியும் எழும்பலன்னா என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு மிஸி ரப்பர் பொம்மை ஒன்றைக் குளிப்பாட்டிக் காட்டினார். பஞ்சாலையின் கண் பொம்மையின் காலை விட்டு நகரவில்லை.

மறுநாள் அவள் கள்ளை நிறுத்தினாள். பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். ஒன்று இன்னொன்றின் முடியைத் தின்றது. ஒன்று சாக்கடைப் பக்கம் தவழ்ந்தது. மீதி எல்லாம் அழுதன. அதுவரை எந்தப் பிள்ளைக்கு எந்தக் குரல் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆபீசிலிருந்து கணேசமூர்த்தி ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒன்னும் ஆவலீங்க. முழிச்சிருக்குதுங்க."

அடுத்த வகுப்புக்காக அவள் ஏங்கிக் காத்திருந்தாள். அது நெருங்கும்போது, காட்டுக்காரர்கள் ரெம்பாவ் சாலையில் பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்தினார்கள். வகுப்பு ரத்தானது. பஞ்சாலை நேரே துரையிடம் போனாள்.

"ரோட்டு ஆபத்து. படிப்பு போதும்," என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

"போதாதுங்க தொரை. போன தடவ என்ன செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. என்ன செய்யணும்னு இன்னும் சொல்லல. நான் நடுவுல நிக்கறேன்."

கொட்டகையின் கூச்சல் ஆபீசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. "முன்னே சத்தம் இல்லே," என்றார் துரை.

"முன்ன கள்ளு இருந்துச்சுங்க."

துரை வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கானை எடுத்து மேசைமேல் வைத்தார். கணேசமூர்த்தியைப் பார்த்தார். கணேசமூர்த்தி சன்னலைப் பார்த்தார்.

தோட்டத்தில் இரும்புத் தகடு அடித்த லாரி ஒன்று இருந்தது. அடுத்த வாரம் அது மிஸியையும் பக்கத்துத் தோட்டத்து ஆயாக்களையும் ஏற்றிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றது. மிஸி கூச்சலுக்கு நடுவில் நின்று, தவழ்கிற பிள்ளைகளுக்குத் தனியாகப் பாய் போடச் சொன்னார். நடக்கிற பிள்ளைகளுக்கு மணலும் காலிப் பால் டின்னும் கொடுக்கச் சொன்னார். குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்தால் தூக்கம் தானாக வரும் என்றார். லாரி வெளியே போகும்போது, காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று காவல்காரர் பொம்மையின் தலையைத் திருகிப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக் கொடுத்தார்.

குளிப்பாட்டியதும் தூக்கம் வந்தது. டின் சரிப்படவில்லை, பிள்ளைகள் அதைத் தட்டித் தட்டிச் சத்தத்தை இரட்டிப்பாக்கினார்கள். அடுத்த மாத வகுப்பில் பஞ்சாலை அதைச் சொன்னாள். டின்னுக்குத் துணி சுற்றிப் பார்க்கலாம் என்றார் மிஸி. இப்படியே மாதாமாதம் ஏதாவது ஒத்துவராமல் போகும், அதைப் பிடித்துக்கொண்டு பஞ்சாலை முன்னால் உட்காருவாள். அவள் நிம்மதியாக உட்காரட்டும் என்று மயிலம்மாளை இரண்டாவது ஆயாவாகப் போட்டார் துரை. கூச்சல் குறையும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது.

செல்லத்துக்கு மட்டும் ஒரு குறை. "முன்னெல்லாம் எம்மவளத் தூக்கிட்டுப் போனா தோள்ல கம்முனு கெடக்கும். இப்ப வழியெல்லாம் பேசுது."

"பேசட்டுமே."

"ஓயாமப் பேசுது லா!" என்று முனகிக்கொண்டே போனாள். மகள் பேசியதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டேதான் போனாள். பஞ்சாலை வாசலில் நின்று, அவர்கள் லயத்துக்குள் நுழையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகையில் உட்கார இடம் தேடியபோதுதான் தன் கண் ஈரமாக இருப்பது தெரிந்தது. மூக்கைச் சிந்திவிட்டுத் தூளிகளை அவிழ்த்தாள்.

அவசரகாலம் முடியும் தறுவாயில், ஆயாக்களுக்குக் கடலோரப் போர்டிக்சனில் ஒரு வாரப் பயிற்சி வைத்தார்கள். பஞ்சாலையும் போனாள். திரும்பி வந்ததும் செல்லம் ஓடி வந்து, "கடலு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கரைக்குப் போனோம். பல்லு மொளைக்கிற புள்ளைக்கு என்ன குடுக்கறதுன்னு வேற தோட்டத்து ஆயா ஒருத்தி சொல்லிக்கிட்டே வந்தா," என்றாள் பஞ்சாலை. "அதுல கடலப் பாக்கல."